இறைத்த கிணறு



இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பது நாம் எல்லோரும் அறிந்த பழமொழி. ஈகையைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவன் இதைக் கட்டாயம் ஓர் இடத்தில் செருகிவிடுவான். வள்ளுவரும் கல்விக்கு மணற்கேணியையே உவமையாக எடுத்தார். தோண்டிய அளவுக்கு ஊறும் கேணி போல, கற்ற அளவுக்கு அறிவு ஊறும் என்றார். எமது இலக்கிய மரபில் கிணறு என்பது பெரும்பாலும் வற்றாமைக்கே உவமை.

இன்றைய உரையில் இந்தப் பழமொழியை உவமையாகக் கொள்ளாமல் ஒரு செய்தியாகவே எடுத்து, எமது யாழ்ப்பாணக் குடாநாட்டு மண்ணில் அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க விரும்புகிறேன். நான் தமிழ் படிப்பிப்பவன். நீரியல் படித்தவன் அல்லன். ஆனாலும் இந்த மண்ணின் சொற்களுக்குப் பொருள் தேடிச் சற்று ஆழமாகப் போகிறவன் கடைசியில் தண்ணீரில்தான் போய் விழவேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. குடாநாட்டில் ஆறு இல்லை. மாரியில் ஓடி கோடையில் காணாமற் போகும் வழுக்கியாற்றை ஆறு என்று சொல்வது எமது ஆசையே தவிர வேறில்லை. தொண்டைமானாறும் உப்பாறும் பெயரளவில் ஆறுகள். உண்மையில் அவை கடலேரிகள். மலை இல்லை, காடு இல்லை. மூன்று பக்கமும் கடல். நாலாவது பக்கத்தில் ஆனையிறவுக் கடலேரி. குடாநாட்டின் எந்த மூலையில் நின்றாலும் உப்புநீர் சில கிலோமீற்றருக்குள் இருக்கும். அப்படியிருந்தும் நூறாண்டுகளாக, ஆயிரம் ஆண்டுகளாக இங்கே சனங்கள் நெருக்கமாக வாழ்ந்திருக்கிறார்கள். வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் விளைவித்திருக்கிறார்கள். வீட்டுக் கிணறும் தோட்டக் கிணறுமாக ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிணறுகள் இங்கே உள்ளன என்பது கணக்கு. இத்தனை கிணறுகளுக்கும் நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மழையிலிருந்துதான். ஆண்டுக்குச் சராசரியாக 1,200 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும் மழை இங்கே பெய்கிறது. அதன் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற மூன்று மாதங்களுக்குள் கொட்டிவிடும். அந்த மழையை வாங்கி வைப்பது எமது காலுக்குக் கீழே உள்ள சுண்ணாம்புக்கல். மயோசீன் காலம் என்று புவியியலாளர் சொல்லும் பழைய காலத்தில் கடலடியில் படிந்த பாறை அது. நீர் பட்டால் மெல்லக் கரையும் தன்மை உடையது. அதனால் உள்ளே வெடிப்பும் பொந்தும் குகையும் சுரங்கமுமாக இருக்கிறது. கூரை இடிந்து விழுந்த குகைகள்தாம் ஊரெழுப் பொக்கணை போன்ற இயற்கைப் பள்ளங்கள். மேலே விழும் மழைநீர் இந்தப் பொந்துகளுக்குள் இறங்கித் தேங்குகிறது.

இங்கேதான் விந்தை இருக்கிறது. பொந்து நிறைந்த பாறைக்குள் மழைநீர் இறங்கலாம் என்றால், கடல்நீரும் பக்கவாட்டாக நுழையலாம் அல்லவா? நுழைகிறது. குடாநாட்டின் அடியில் ஆழமாகப் போனால் எங்கும் உப்புநீர்தான். எமது நன்னீர் அந்த உப்புநீரின் மேலே மிதந்துகொண்டிருக்கிறது. மிதப்பது என்று நான் சொல்வது அணி அல்ல, உள்ளபடியே மிதக்கிறது.

இதைக் கணக்காகச் சொன்னவர்கள் இருவர். ஒருவர் ஒல்லாந்தர், படோன் கைபன் என்ற படைப் பொறியியலாளர். அம்ஸ்ரடாம் நகரத்துக்கு அருகே கிணறு துளைப்பது பற்றி ஆராய்ந்தபோது 1889ஆம் ஆண்டளவில் இதனை எழுதினார். மற்றவர் ஹேர்ஸ்பேர்க் என்ற ஜேர்மானியர். வடகடலில் உள்ள சிறு தீவுகளுக்குக் குடிநீர் தேடப் போன இடத்தில் அதே முடிவுக்குத் தாமாகவே வந்து 1901இல் வெளியிட்டார். இன்று இருவர் பெயரையும் சேர்த்தே அந்த விதியைச் சொல்கிறார்கள். ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள். கோட்டையைக் கட்டி வரியையும் வாங்கிய அவர்கள் நாட்டில் இந்த விதி எழுதப்படும்போது, அவர்கள் யாழ்ப்பாணத்தை விட்டுப்போய் நூறு ஆண்டளவு ஆகிவிட்டது.

விதி மிக எளிது. கடல்நீர் நன்னீரைவிடச் சிறிது பாரமானது. ஒரு லீற்றர் நன்னீர் 1,000 கிராம் என்றால், ஒரு லீற்றர் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிராம். அப்படியானால் 40 அடி உயரக் கடல்நீர்த் தூண் ஒன்றைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால், மறு தட்டில் 41 அடி உயர நன்னீர்த் தூணை வைக்கவேண்டும். அப்போதுதான் தராசு நேராக நிற்கும். அந்த ஓர் அடி வித்தியாசத்தில் எமது வாழ்வு முழுவதும் தங்கியிருக்கிறது. நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே இரண்டடி நின்றால் கீழே எண்பதடி. நிலத்தின் நடுவில் தடித்து, கரையை நோக்கி மெலிந்து போகும் இந்த நீருடல் மூக்குக்கண்ணாடியின் வில்லை போன்ற வடிவம் கொண்டது. ஆகவே இதனை நன்னீர் வில்லை என்று அழைக்கிறார்கள். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, ஊர்காவற்றுறை என நான்கு பெரும் வில்லைகளை எமது பகுதியில் பிரித்துச் சொல்வதுண்டு.

கணக்கில் சொல்லும் அளவு நடைமுறையில் முழுவதும் கிடைப்பதில்லை. நன்னீரும் உப்புநீரும் எண்ணெயும் தண்ணீரும் போலப் பிரிந்து நிற்பவை அல்ல. இடையில் இரண்டும் கலந்த ஒரு சவர்ப்படை உண்டு. பாறையின் வெடிப்புகளும் ஓர் ஒழுங்கில் அமைந்தவை அல்ல. என்றாலும் ஒன்றுக்கு நாற்பது என்ற இந்தத் தராசுக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு எமது ஊர்களைப் பார்த்தால் பல பழைய கதைகள் புதிதாகத் தெரியும்.

நிலாவரைக் கிணற்றை எடுத்துக்கொள்வோம். புத்தூருக்கு அருகே நவக்கிரியில் உள்ளது. வானரப் படையின் தாகம் தீர்க்க இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது என்பது ஐதீகம். அதற்கு அடி இல்லை என்றும், அதற்குள் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்றும் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். இந்தக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர்; ஆழத்தில் உப்புத் தண்ணீர். முன்னோர் இதனைத் தெய்வச் செயல் என்று வியந்தார்கள். இன்று பார்த்தால், குடாநாட்டின் அடியிலுள்ள நன்னீர் வில்லையை மேலிருந்து கீழ்வரை வெட்டிக் காட்டும் ஒரு சாளரம் அது. எலுமிச்சம்பழக் கதையை யாரும் மெய்ப்பிக்கத் தேவையில்லை. நிலத்துக்கடியில் வழி இருக்கிறது, ஓரிடத்து நீர் இன்னோர் இடத்துக்குப் போகிறது என்ற அறிவை ஒரு பழத்துக்குள் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள் என்று கொண்டால் போதும்.

கீரிமலையும் அப்படியே. கடலலை வந்து மோதும் இடத்துக்கு ஒரு சுவர் தள்ளி நல்ல தண்ணீர் ஊறுகிறது. நகுல முனிவரின் கீரிமுகம் நீங்கிய இடம், மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகம் நீங்கிய இடம் என்று புராணம் சொல்லும் தீர்த்தம் அது. வில்லையின் விளிம்பு கடலைத் தொடும் இடத்தில், நிரம்பிய நன்னீர் வழிந்து வெளியேறும் வாய் அது. கடலுக்குள் போய்ச் சேரவேண்டிய மழைநீர், போகும் வழியில் எம்மைக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறது.

இப்போது சொல்லுக்கு வருவோம். பழந்தமிழில் கிணற்றுக்குக் கூவல் என்று ஒரு பெயர் உண்டு. எங்கள் மணற்பாங்கான கரையோரங்களில் பூவல் என்று ஒரு சொல் வழங்குகிறது. மணலில் கையளவு ஆழத்துக்குத் தோண்டி, ஊறும் நீரைச் சிரட்டையால் மொண்டு எடுக்கும் சிறு குழி அது. பூவலை ஆழமாகத் தோண்டமாட்டார்கள். தோண்டினால் சவர் ஏறிவிடும் என்பது கரையோர மக்களுக்குத் தெரியும். கரைக்கு அருகே வில்லை மெல்லியது என்பதை ஜேர்மானியர் எழுத முன்னரே எங்கள் ஆச்சிமார் சிரட்டையோடு அறிந்திருந்தார்கள். வயலுக்கும் தோட்டத்துக்கும் வெட்டிய பெரிய கிணற்றைத் துரவு என்றார்கள். குடிக்கும் கிணற்றை நல்லதண்ணிக் கிணறு என்று தனியே பெயரிட்டார்கள். ஊரில் எல்லாக் கிணறும் நல்ல தண்ணீர் தராது என்ற உண்மை அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

துரவில் நின்ற துலாவைப் பற்றியும் சொல்லவேண்டும். பொறியியல் என்றால் சீமெந்தும் இரும்பும் என்று நினைக்கும் இளையவர்கள், பழைய துலாவை ஒரு நெம்புகோலாக எண்ணிப் பார்க்கவேண்டும். ஆடுகாலின்மேல் நீண்ட துலா மரம் கிடக்கும். அதன் நுனியில் துலாக்கொடி. கொடியின் முனையில் பட்டை. மேலே ஏறி நிற்பவர்கள் துலாவின் மீது முன்னும் பின்னும் நடப்பார்கள். கிணற்றுப் பக்கம் நடக்க நுனி தாழ்ந்து பட்டை நீருக்குள் இறங்கும். பின்னே நடக்க நுனி உயர்ந்து பட்டை மேலே வரும். கைவலுவால் தூக்கவேண்டிய பாரத்தை உடம்பின் பாரம் தூக்கிவிடுகிறது. கீழே ஒருவர் பட்டை பிடித்து ஊற்றுவார். தோட்டத்தில் இன்னொருவர் மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். ஒரு பாத்தி நிரம்பி மறு பாத்திக்கு நீர் போகும் நேரமும், துலா மிதிப்பவரின் மூச்சும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்.

அந்த அமைப்புக்கு யாரும் எழுதிவைக்காத ஓர் எல்லை இருந்தது. மனிதன் களைப்பான். அவன் களைக்கக் கிணறும் ஓய்வெடுக்கும். இறங்கிய மட்டம் மறுநாட் காலை பழையபடி வந்து நிற்கும். இறைத்த கிணறு ஊறும் என்ற பழமொழி அந்தத் துலாவின் அளவுக்குப் பிறந்தது. அந்த அளவுக்குள் அது முற்றிலும் உண்மை.

அளவு மாத்திரமல்ல, முறையும் இருந்தது. எங்கள் பழைய காணி உறுதிகளில் நிலத்தோடு சேர்த்துக் கிணற்றில் இத்தனை பங்கு என்றும், வழிவாய்க்கால் உரிமை என்றும் எழுதியிருப்பதைக் காணலாம். தண்ணீர் தனியொருவர் சொத்தல்ல, முறைக்கு வரும் பங்கு என்ற எண்ணம் சட்ட மொழியிலேயே பதிந்திருக்கிறது.

ஆனால் அந்தப் பங்கு எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. இதைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்துக் கிணற்றின் கதையை யாரும் சொல்லக்கூடாது. சாதியின் பெயரால் கிணற்றுக் கட்டில் ஏறவிடாமல், யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்கவைக்கப்பட்ட மக்கள் இந்த மண்ணில் இருந்தார்கள். கே. டானியல் தமது நாவல் ஒன்றுக்குத் தண்ணீர் என்றே பெயரிட்டது வெறும் அழகுக்காக அல்ல. நிலத்துக்குக் கீழே வில்லை ஒன்றுதான். மேலே வேலி போட்டு, கட்டுக் கட்டி, உனது எனது என்று பிரித்தாலும், ஒருவர் கிணற்று நீரும் அடுத்தவர் கிணற்று நீரும் பாறைக்குள் கைகோத்தபடியே கிடக்கின்றன. இந்தச் செய்தியின் இன்னொரு முகத்தைப் பின்னர் சொல்கிறேன்.

இயந்திரம் வந்தது. 1950களிலிருந்து மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்களும் மின்மோட்டர்களும் மெல்ல மெல்லத் துலாவை இறக்கின. 1970களின் முற்பகுதியில் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வருவது கட்டுப்படுத்தப்பட்டபோது எங்கள் கமக்காரருக்கு நல்ல காலம் பிறந்தது. தோட்டங்கள் பெருகின, இறைப்பும் பெருகியது. துலா மிதித்துத் தோள் தேய்ந்த தலைமுறைக்கு இயந்திரம் கொடுத்த விடுதலையை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. துலா வைத்திருந்த எல்லை அதனோடு போயிற்று.

வகுப்பில் ஒருமுறை இந்தப் பழமொழியை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்தான். "சேர், இறைச்சால் ஊறும் எண்டால், எங்கட தோட்டக் கிணறு ஏன் இறைக்க இறைக்கச் சவராகுது?" என்று கேட்டான். பழமொழி விளக்கத்துக்குள் அடங்காத கேள்வி அது. அதற்கு மறுமொழி அந்தத் தராசில் இருக்கிறது. ஓரிடத்தில் நன்னீர் மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழேயுள்ள உப்புநீர் எல்லை நாற்பதடி மேலே ஏற இடமுண்டு. மேலே குறைவது எமது கண்ணுக்குத் தெரிகிறது. கீழே ஏறுவது தெரிவதில்லை. உப்புநீர் உடனே பாய்ந்து வந்துவிடாது. கிணற்றுக்கு நேர் கீழே கூம்பு போல மெல்ல மெல்ல எழும். நின்று இறைத்தால் அதன் நுனி ஒருநாள் கிணற்றின் அடியைத் தொடும். அன்று கிணறு ஊறத்தான் செய்யும். ஊறுவது நன்னீராக இராது. ஒருமுறை உவர் கலந்த பாறையைக் கழுவி எடுக்கப் பல மாரிகள் வேண்டும். வில்லை சிறுத்த தீவகத்தில் இதனுடைய துன்பம் முதலில் தெரிந்தது. கிணறு பக்கத்தில் இருக்கவே பவுசர் வண்டியின் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் நிலை அங்கே பழகிப்போன ஒன்று.

இனி, முன்னர் சொன்ன இன்னொரு முகம். நீர் கைகோத்துக் கிடந்தால் அழுக்கும் கைகோத்தே பரவும். சுண்ணாம்புக்கல் வடிகட்டும் மண் அல்ல; அது வழி விடும் கல். தோட்டத்துக்கு இடும் இரசாயனப் பசளையும் மலசலகூடக் குழியின் கசிவும் நைத்திரேற்றாக நிலத்தடி நீரில் சேர்கின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டின் பல கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதிவந்திருக்கிறார்கள். கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை அது குறைக்கக்கூடியது. சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் நேயர்கள் அறிந்ததே. 2019 ஏப்பிரல் மாதத்தில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு அங்கே மின் உற்பத்தி செய்த நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. ஒரு வளவில் சிந்தியது பல வளவுகளின் வாளியில் வந்தது.

இவற்றுக்கு மாற்றுத் தேடியவர்கள் இருந்தார்கள். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். பெயரிலேயே ஆறு உள்ளவர், ஆறில்லாத ஊருக்கு ஆறு தர நினைத்தார்! வன்னியிலிருந்து ஆனையிறவுக் கடலேரிக்கு வரும் மழைநீரைக் கடலுக்கு விடாமல் மறிப்பது. அதை முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சிக் கடலேரிக்குக் கொண்டுவருவது. உப்பாற்றுக்கும் செலுத்தி, வாயில்களில் தடுப்பணை போட்டுக் கடலேரிகளை மெல்ல நன்னீராக்குவது. இந்தத் திட்டத்தின் நுட்பம் நீரைக் குழாயில் கொண்டுவருவதில் இல்லை. கடலேரி நன்னீரானால் அக்கம்பக்கத்து வில்லை தடிக்கும். கிணறுகள் தாமாகவே நல்லதண்ணிக் கிணறுகளாகும். பகுதி பகுதியாக வேலை நடந்தது, முழுமை பெறவில்லை.

இப்போது வேறொரு வழி திறந்திருக்கிறது. 2024 ஓகஸ்ற் மாதத்தில் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரும் வலு அதற்கு உண்டு. கடல்நீரைப் பேரழுத்தத்தோடு மென்சவ்வுகளின் ஊடாகத் தள்ள, உப்புப் பின்னே நிற்க, நீர் முன்னே வருகிறது. இது பெரிய சாதனைதான். உவர்நீரையே காலமெல்லாம் குடித்த வீடுகளுக்கு அது ஒரு வரம். ஆனால் எண்ணிப் பாருங்கள். மழையும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்து பாரத்தின் கணக்கால் மட்டும், மின்சாரச் செலவு எதுவுமின்றி, உப்பின் மேலே நன்னீரை ஏந்திவைத்திருந்தன. அதே வேலையை இப்போது பணம் கொடுத்து, மின்சாரம் கொடுத்துச் செய்விக்கிறோம். குழாய் நீர் வந்துவிட்டது என்று கிணற்றைக் கைவிட்டால், குழியும் குப்பையும் அதற்குள் போகும். இறையாத கிணறு நாறும் என்ற பழமொழியின் இரண்டாம் பாதி அப்போது உண்மையாகும்.

முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் குளங்களையும் கேணிகளையும் இந்தச் சிறு குடாநாட்டில் வெட்டிவைத்தார்கள். அவை மாடு குளிப்பதற்கும் தாமரை பூப்பதற்கும் மட்டும் அல்ல. மூன்று மாத மழையைப் பிடித்து நிறுத்தி, பாறைக்குள் ஆறுதலாக இறக்கும் வாய்கள் அவை. அவற்றில் எத்தனை தூர்ந்தன, எத்தனை மண் போட்டு நிரவப்பட்டு வீடும் கடையும் ஆயின என்பதை ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் நடந்துபோய்ப் பார்க்கலாம். வளவுக்குள் விழும் மழையையும் சீமெந்துத் தரையில் ஓடவிட்டு வீதிக்கு அனுப்பிவிடுகிறோம். ஊறுவதற்கு முதல் இறங்கவேண்டும். இறங்குவதற்கு இடம் வேண்டும்.

பழமொழி பொய் சொல்லவில்லை. அதைச் சொன்னவர்களுக்குத் துலாவின் வேகம் தெரிந்திருந்தது. குளத்தின் பயன் தெரிந்திருந்தது. அதனால் அவற்றை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாம் பழமொழியை வைத்துக்கொண்டு, அது நின்ற நிலத்தை மறந்துவிட்டோம். ஆகவே இனிமேல் மாணவர்களுக்கு இறைத்த கிணறு ஊறும் என்று சொல்லிக் கொடுக்கும்போது, இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுவோம். கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் அந்த ஓர் அடித் தண்ணீர், கீழே நாற்பதடிக்கு உப்பைத் தள்ளிவைத்திருக்கிறது. வரும் ஐப்பசி மழைக்கு முன் தங்கள் ஊர்க் குளத்தின் வாய்க்காலைத் துப்புரவாக்கும் நாலு பேர் அந்த ஓர் அடியைக் காப்பாற்றுகிறார்கள்.